மேலிருந்து பார்க்க வேண்டிய மீன்

பிறையில் எங்கள் தாமானில் மூலை வீடு வாங்கியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பக்கவாட்டில் கொஞ்சம் நிலம் கிடைத்ததும் அதில் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று கை துறுதுறுக்கும். சிலர் மாமரம் நட்டார்கள். சிலர் காருக்குக் கூரை போட்டார்கள். நான் குளம் கட்டினேன்.

காரணம் அப்பா. அம்மா போன பிறகு தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்தவர், தொலைக்காட்சி முன் உட்கார்ந்தால் எழுவதே இல்லை. வெளியே வந்து உட்கார அவருக்கு ஒரு சாக்கு வேண்டும். கோய் மீன் வளர்க்கலாம் என்று தோன்றியது.

குளம் நிறைந்த மறுநாளே எட்டு மீன் வாங்கி வந்தேன். எல்லாம் கண்ணைப் பறிக்கும் நிறம். ஒன்பதாம் நாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அப்பா ஒவ்வொன்றாக அள்ளி வாழையடியில் புதைத்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை.

பிழை என்னுடையதுதான். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் நமக்கு நல்லது, மீனின் செவுளுக்கு எமன். அதை நீக்க மருந்து கலந்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய பிழை அவசரம். மீன் வெளியேற்றும் அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் குடியேற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். புதுக் குளத்தில் அவை ஏது? என் மீன்கள் தங்கள் கழிவிலேயே மூச்சுமுட்டிச் செத்தன.

இரண்டாம் முறை, நண்பரின் குளத்து வடிகட்டியிலிருந்து பழைய பஞ்சு கொஞ்சம் வாங்கிப் போட்டு, மலிவான குட்டி மீன் இரண்டை மட்டும் விட்டுக் காத்திருந்தேன். சோதனைக் குப்பியில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே கடைக்குக் கிளம்பினேன். அப்பா தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்.

கோய் என்றால் அரண்மனை மீன் என்று நினைப்போம். உண்மையில் அது கெண்டை. சோற்றுக்கு வளர்த்த மீன். ஜப்பானின் நீகாத்தா மலைக் கிராமங்களில், பனிக்காலத்துச் சாப்பாட்டுக்காக விவசாயிகள் வயலை ஒட்டிய குட்டைகளில் கறுப்புக் கெண்டை வளர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அவற்றில் நிறம் மாறிப் பிறந்தவற்றைச் சமைக்க மனம் வராமல் பிரித்து வளர்த்ததில் வந்தவை இன்றைய கோய். 1914இல் தோக்கியோ கண்காட்சிக்குப் போன பிறகுதான் அவை ஊரறிந்தன. 2004 அக்டோபர் 23 பூகம்பத்தில் யமகோஷி கிராமமே காலியானது. ஊர் மக்கள் பிறகு தாய் மீன்களையும் ஹெலிகாப்டரில் ஏற்றி மீட்டார்கள். 2018இல் ஹிரோஷிமா ஏலத்தில் ஒரே ஒரு மீன் 20 கோடி யென்னுக்கும் மேல் போனது. நம் கணக்கு அவ்வளவு தூரம் போகவில்லை, பயப்பட வேண்டாம்.

கடையில் என் கண் வழக்கம்போல் நிறத்துக்கே ஓடியது. வெள்ளையில் சிவப்பு என்றால் கோஹாக்கு; கூடவே கறுப்புப் புள்ளி வந்தால் சங்கே; கறுப்பே அடித்தளம் என்றால் ஷோவா. பெயர்களை மனப்பாடமாக ஒப்பித்தேன். அப்பா காதில் வாங்கவில்லை. தொட்டியின் மேல் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கோய் மேலிருந்து பார்ப்பதற்கென்றே வளர்க்கப்பட்ட மீன். பக்கவாட்டில் கண்ணாடி வழியே பார்த்தால் பாதிதான் தெரியும். முதுகு கோணாமல் இருக்கிறதா, இரு பக்கத் துடுப்பும் ஒரே அளவா, வால் தொடங்கும் இடம் தடித்திருக்கிறதா என்பதெல்லாம் மேலிருந்துதான் புரியும்.

நான் காட்டிய சிவப்பழகி மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. “பாருங்கப்பா, நம்மகிட்ட பேசுது” என்றேன். “பசியில இல்ல தம்பி, அதுக்கு மூச்சு முட்டுது” என்றார். நம் ஊர் வெயிலில் சூடேறிய தண்ணீரில் பிராணவாயு குறைவு. காற்றுக்குழாய் ஓயாமல் ஓடினாலொழிய இந்த மீனுக்குச் சுகமில்லை.

துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கியதை வேண்டாம் என்றார். தொட்டியில் உடம்பை உரசியதையும் வேண்டாம் என்றார். குட்டியிலேயே நிறம் முற்றிக் கொழுந்துவிட்டு எரிவது பெரிதாகும்போது வெளிறிவிடலாம் என்று கடைக்காரரே ஒத்துக்கொண்டார். வெள்ளை தோசை மாவு மாதிரி சுத்தமாக, சிவப்பின் ஓரம் கத்தியால் வெட்டியது போல் இருந்தால் போதும்.

எங்கள் குளம் 5,000 லிட்டருக்குச் சற்று மேல். வளர்ந்த கோய் 60 சென்டிமீட்டரைத் தாண்டும். ஒன்றுக்கு 1,000 லிட்டராவது வேண்டும். ஆகவே ஐந்துதான். பத்து கேட்ட என் மகள் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. வந்த ஐந்தையும் மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே, பையோடு 20 நிமிடம் மிதக்கவிட்டுக் குளத்தில் இறக்கினோம்.

எட்டு மாதமாயிற்று. ஐந்தும் இருக்கின்றன. மாலை ஆறு மணிக்கு அப்பாவின் நாற்காலி குளத்தருகே போய்விடும். தீனிப் பொட்டலத்தை மட்டும் என் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கிறார். நான் அதிகம் போட்டுவிடுவேனாம்.