கிரௌன் பினியன்: நாமே போடலாமா?

காலை நடையில் கூட வரும் நண்பர் ஒருவர் போன வாரம் ஒரு கேள்வி கேட்டார். அவரிடம் இன்னமும் ஒரு அம்பாசடர் இருக்கிறது. 1994 மாடல், இசுசூ எஞ்சின் வைத்த 1800. கல்யாணம், வளைகாப்பு, ஆஸ்பத்திரி என்று எங்கள் தெருவில் பாதிப் பேரை ஏற்றி இறக்கிய வண்டி அது. இப்போது 50 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் பின்பக்கத்திலிருந்து ஊளையிடுகிறதாம். ஒரு மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு "கிரௌன் பினியன் போச்சு" என்று சொல்லிவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் மகன், வெள்ளைக்காரர் ஒருவர் தன் வீட்டு ஷெட்டிலேயே அதை மாற்றும் வீடியோவை அனுப்பியிருக்கிறான்.

"நீங்க ஃபிட்டர் ஆச்சே சார். நாம ரெண்டு பேருமே போட்டுடலாமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. டீக்கடை வந்ததும் பேச்சை மாற்றிவிட்டேன். இதே வேலையை ஒரு தடவை என் வீட்டு வாசலில் செய்து பார்த்தவன் நான். நடந்ததைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பின்னால் ஊளையிட்டால் அது கிரௌன் பினியன்தான் என்று எவனாவது ஓட்டிப் பார்த்த ஐந்தாவது நிமிஷத்தில் சொன்னால் நம்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், டிரெய்லர்கள் கிளம்புவதற்கு முன், 200 அடி சாலையில் வண்டியை எடுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு சத்தம், காலை எடுத்தால் வேறு சத்தம் என்றால் பல்லிலோ பினியன் பேரிங்கிலோ கோளாறு இருக்கலாம். ஸ்டியரிங்கை லேசாக இடம் வலம் ஆட்டும்போது சத்தம் கூடிக் குறைந்தால் சக்கர பேரிங். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது 'டக்' என்று ஒரு அடி விழுந்தால் ஜாயிண்ட் கிராஸ். சிமெண்ட் சாலையில் ஒரு சத்தம், தார் சாலையில் வேறு சத்தம் என்றால் அது டயர். எல்லாவற்றுக்கும் முன்னால் பின் ஆக்ஸிலின் ஆயில் பிளக்கைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். அங்கே இருப்பதே ஒன்றரை லிட்டருக்கும் குறைவான ஆயில். சீல் வழியாகச் சொட்டுச் சொட்டாகப் போனது நமக்குத் தெரியவே தெரியாது.

சரி, பார்த்தாகிவிட்டது, பல்தான் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே என்ன இருக்கிறது? எஞ்சினிலிருந்து நீளவாக்கில் வரும் சுழற்சியைச் சக்கரத்துக்காகக் குறுக்கே திருப்பிவிடும் இரண்டு பல்சக்கரங்கள். சின்னது பினியன், பெரியது கிரௌன். உதாரணத்துக்குப் பினியனில் 8 பல்லும் கிரௌனில் 39 பல்லும் இருந்தால், பினியன் ஏறக்குறைய 5 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். பினியன், கிரௌனின் நடுமையத்துக்கு நேராக இருக்காது. சற்றுக் கீழே தள்ளி இருக்கும். அதனால் பல்லோடு பல் உருள்வது மட்டும் இல்லை, வழுக்கிக்கொண்டும் போகிறது. சாதாரண ஆயில் அந்த வழுக்கலைத் தாங்காது. கந்தகச் சரக்கு கலந்த ஈ.பி. 90 ஆயில்தான் ஊற்ற வேண்டும். டப்பாவைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும். கந்தக வாடை மணலிக்காரனுக்குப் புதிதா என்ன!

இந்த இரண்டு பல்சக்கரங்களையும் தொழிற்சாலையிலேயே ஜோடியாக ஓடவிட்டுத் தேய்த்துத்தான் அனுப்புகிறார்கள். இரண்டின் மேலும் ஒரே எண் பொறித்திருக்கும். ஒன்று போனால் இரண்டையும் மாற்றவேண்டும். புருஷன் பெண்சாதி மாதிரி என்று எங்கள் பழைய சார்ஜ்மேன் சொல்லுவார். (அவர் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.)

இனி என் கதை. 2008இல் மணலியில் ஒரு ஆலையிலிருந்து ஓய்வு பெற்றேன். 31 வருஷம் மெக்கானிக்கல் மெயின்டனன்ஸ். கூலிங் டவர் மேலே ஆள் உயர விசிறிகள் சுற்றுமே, அவற்றின் கியர் பாக்ஸிலும் இதே போல் வளைந்த பல் வைத்த ஜோடிதான். எத்தனையோ பாக்ஸ் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். அடுத்த வருஷம் என்னுடைய 1986 மாடல் மார்க் 4 அம்பாசடர் ஊளையிட்டபோது, 'கார் கிரௌனா, இதெல்லாம் நமக்கு விளையாட்டு சாமான்' என்று நினைத்தேன். ஜி.பி. ரோடில் போய்ப் புது ஜோடி வாங்கி வந்தேன். வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்தாள். "ஏங்க, ஷெட்டுல விட்டா ரெண்டு நாள்ல குடுத்துடுவாங்க. இந்த வயசுல எதுக்கு அடியில படுத்துக்கிட்டு?" என்றாள். நான் கேட்கவில்லை.

கழற்றுவது கஷ்டமே இல்லை. அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆயிலை வடித்து, சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றி, இரண்டு பக்க ஆக்ஸில் ஷாப்டையும் உருவி, புரொப்பெல்லர் ஷாப்டைப் பிரித்தால், சுற்றிலும் இருக்கும் நட்டுகளை எடுத்துவிட்டு டிஃபரென்ஷியலை முன்பக்கமாக முழுசாக வெளியே இழுத்துவிடலாம். கனமான சாமான்தான், மார்பில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எதிர்வீட்டுப் பையன் கை கொடுத்தான். ஒரே காலைப் பொழுதில் முடிந்தது.

பூட்டுவதில்தான் கோட்டை விட்டேன். பினியன் தலைக்குப் பின்னால் ஒரு வாஷர் இருக்கிறது. பினியன் எவ்வளவு உள்ளே நிற்க வேண்டும் என்பதை அதன் கனம்தான் தீர்மானிக்கும். சில தௌ வித்தியாசம் (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பல்லின் வாழ்வையே மாற்றிவிடும். பழைய பினியனுக்குச் சரியாக இருந்த வாஷர் புதியதற்கும் சரியாக இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தும் பழையதையே போட்டேன். கனம் வாரியாக வாஷர்கள் என் கையில் இல்லை, உயரம் அளக்கும் கேஜும் இல்லை. பேரிங் இறுக்கத்தைக் கையால் சுற்றிப் பார்த்து 'சரி' என்றேன். பல்லில் நீலம் தடவிச் சுற்றியதில் தடம் ஏறக்குறைய நடுவில் விழுந்த மாதிரித் தெரிந்தது. சாயங்கால வெளிச்சம், சாளேஸ்வரக் கண்ணாடி. 'மாதிரி' என்று எழுதினேனே, அந்த ஒரு வார்த்தைதான் பிறகு எனக்குச் செலவு வைத்தது.

பத்து நாள் சத்தமில்லை. தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். பிறகு வீட்டுக்காரியோடு திருவண்ணாமலை போய்த் திரும்பும்போது, திண்டிவனம் தாண்டி, இருட்டில், ஊளை ஆரம்பித்தது. பழையதை விட மோசம். மெதுவாக ஓட்டி, நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டி விடியற்காலையில் வீடு வந்து சேர்ந்தோம். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. ஆயிலை வடித்தபோது வெள்ளித்தூள் போட்ட மாதிரி மின்னியது.

அப்புறம் மாத்தூர் பக்கம் ஒரு லாரி ஷெட்டில் ஒரு பாயிடம் போனேன். அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி: "வாஷர் எத்தினி வெச்சீங்க சார்?" பதில் இல்லை. அவர் சிரிக்கவும் இல்லை. பினியன் தலையைத் துடைத்து, அதில் பொறித்திருந்த சின்னக் கூட்டல் குறியையும் எண்ணையும் காட்டினார். அந்தப் பினியன் அச்சு அளவிலிருந்து எத்தனை தௌ மாறியிருக்கிறது என்று செய்தவனே எழுதி அனுப்பியிருக்கிறான். நான் படிக்கவே இல்லை. மறுபடி ஒரு புது ஜோடி வாங்கி வந்தேன். பாய் மூன்று தடவை பிரித்துப் பூட்டினார். பேரிங் இறுக்கத்துக்கு ஒரு கயிற்றைச் சுற்றி ஸ்பிரிங் தராசால் இழுத்து அளந்தார். காசிமேட்டில் மீன் நிறுக்கும் தராசு மாதிரிதான் இருந்தது. கிரௌனுக்கு டயல் கேஜ் வைத்து நாலு இடத்தில் பேக்லாஷ் பார்த்தார். "அஞ்சுலேர்ந்து ஏழு தௌ, நாலு எடத்துலயும் ஒரே மாதிரி வரணும். வரலைன்னா மறுபடி பிரி" என்றார். நீலம் தடவி, என்னை வெயிலில் நின்று பார்க்கச் சொன்னார்.

அந்த வெயிலில் நிற்கும்போதுதான் எனக்கு விளங்கியது. ஆலையில் நான் கெட்டிக்காரனாக இருந்தேன் என்றால், அதில் பாதி ஆலையுடையது. டிராயிங் இருந்தது. ஸ்டோரில் ஷிம் இருந்தது. டயல் கேஜை வருஷா வருஷம் சரிபார்க்க ஆள் இருந்தான். நான் 'சரி' என்றதை 'இல்லை' என்று சொல்ல இன்னொருவன் பக்கத்தில் இருந்தான். கேட்டைத் தாண்டி வெளியே வந்தபோது என் கையை மட்டும் கொண்டுவந்தேன், மற்றதெல்லாம் உள்ளேயே நின்றுவிட்டது. ஓய்வு பெற்ற எங்கள் மாதிரி ஆட்களுக்கு இது சீக்கிரம் புரிவதில்லை.

அதனால் என் அபிப்பிராயம் இதுதான். கழற்றி மாட்டுவதை நாமே செய்யலாம், கூட ஒரு ஆள் இருந்தால். ஜாக்கியை மட்டும் நம்பி, செங்கல்லை முட்டுக்கொடுத்து, வண்டிக்கு அடியில் போகக்கூடாது. இரண்டு நல்ல ஸ்டாண்டு வேண்டும். மண் தரையாக இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் கனமான பலகை வேண்டும். செட்டிங் மட்டும் வெளியே கொடுங்கள். அதுவும் யாரிடம் வேண்டுமானாலும் இல்லை. சுத்தியலால் தட்டி 'ஓடஓட சரியாயிடும்' என்கிறவர்களும் நம் ஊரில் உண்டு. பேக்லாஷ் எவ்வளவு வைப்பீர்கள் என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லாதவரிடம் கொடுக்காதீர்கள். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் டிரெய்லர்கள் பாரத்தோடு வரிசையில் நின்று நின்று கிளம்புகிற ஊர் இது. அந்த வண்டிகளுக்குக் கிரௌன் போட்டுப் போட்டுக் கை பழகியவர்கள் மாத்தூரிலும் ஆண்டார்குப்பத்திலும் இருக்கிறார்கள். வீடியோவில் வரும் வெள்ளைக்காரருக்குப் பக்கத்துத் தெருவில் அப்படி ஒரு பாய் இருக்கமாட்டார்.

புதுப்பேட்டையில் பிரித்த வண்டியிலிருந்து முழு டிஃபரென்ஷியலையே வாங்கி மாட்டலாமே என்பார்கள். செட்டிங் தொல்லை இல்லை, வாஸ்தவம். ஆனால் மாடலுக்கு மாடல் பல் எண்ணிக்கை மாறும். எண்ணிப் பார்க்காமல் வாங்கினால் இழுவையும் மாறும், ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும். அந்த வண்டி எத்தனை வருஷம் ஆயில் இல்லாமல் ஓடியது என்பதை யாரும் எழுதி ஒட்டியிருக்கமாட்டார்கள். உத்தரபாராவில் அம்பாசடர் தயாரிப்பு நின்றது 2014 மே மாதம். நல்ல சாமான் வருஷத்துக்கு வருஷம் குறையத்தான் செய்யும்.

இத்தனை செலவு செய்ய இந்த வண்டி தேவையா என்று மகன்கள் கேட்பார்கள். 15 வருஷம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. கணக்குப் போட்டால் தேவையில்லைதான். கணக்குப் போட்டு வைத்திருக்கும் சாமான் நம் வீட்டில் எத்தனை இருக்கிறது?

நேற்று இதையெல்லாம் நண்பரிடம் சொல்லிவிட்டேன், திண்டிவனம் உட்பட. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, "அப்ப கழட்டுறது நாம, செட்டிங் பாய்" என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் தூக்குகிறோம். பாய்க்கும் இப்போது வயதாகிவிட்டது, அடியில் படுப்பதில்லை. மகன்தான் பூட்டுகிறான், அவர் ஸ்டூலில் உட்கார்ந்து நீலத்தைப் பார்த்துச் சொல்கிறார். வீட்டுக்காரியிடம் விஷயத்தைச் சொன்னேன். "பழைய லுங்கியை எடுத்து வைக்கவா?" என்று மட்டும் கேட்டாள்.