கம்பி ஒன்று, சட்டம் இரண்டா?



குளத்துத் தண்ணீருக்கும், உரத் தட்டுப்பாட்டுக்கும், பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் வெங்காய விலை விழுந்ததற்கும் நோட்டீஸ் போட்ட நம் சங்கம், இந்தத் தடவை கொலைக்குற்றச் சட்டத்தைப் பற்றி எழுதுகிறது. "நமக்கும் அதுக்கும் என்ன அண்ணாச்சி சம்பந்தம்? நாம என்ன வெட்டுக்குத்துக்கா போறோம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

சம்பந்தம் இருக்கிறது. நம்ம வயலுக்கு மேலே போகிற கரண்டு கம்பியும் ஆளைக் கொல்லும். பன்றிக்குப் பயந்து வயலைச் சுற்றிக் கட்டுகிற கம்பியில் கரண்டு கொடுத்தால் அதுவும் ஆளைக் கொல்லும். செத்தவர் வீட்டுக்கு இரண்டும் ஒரே இழவுதான். ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் எழுதுகிற பிரிவு மட்டும் வேற வேற. அது ஏன் என்பதுதான் நம் கேள்வி.

முதலில் சட்டத்தைப் புரிந்துகொள்வோம். 1860-ம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பழைய 302, அதாவது கொலை, இப்போது 103. பழைய 304, அதாவது கொலையாகாத மரணம் விளைவித்தல், இப்போது 105. பழைய 304-ஏ, அதாவது அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தல், இப்போது 106.

105-க்கும் 106-க்கும் நடுவில் நிற்கிற சுவர் ஒரே ஒரு சொல்தான்: "தெரியும்". இப்படிச் செய்தால் ஆள் சாக வாய்ப்பு உண்டு என்று தெரிந்தே செய்தால் 105. கொல்லும் எண்ணமே இல்லாவிட்டாலும், தெரிந்திருந்தது என்பதற்காகவே 10 ஆண்டு வரை சிறை, அபராதம். எண்ணம் இருந்ததாக முடிவானால் ஆயுள் வரைக்கும் போகும். தெரியாமல் அசட்டையாக இருந்துவிட்டால் 106. பழைய சட்டத்தில் இதற்கு 2 ஆண்டுதான் உச்சம். புதிய சட்டத்தில் 5 ஆண்டு. சிகிச்சையின்போது தவறு செய்த மருத்துவருக்கு மட்டும் 2 ஆண்டோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இந்த இரண்டிலும் சேராத இன்னொன்று உண்டு. பழைய 174, இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தில் 194. இயற்கைக்கு மாறான மரணம் என்று எழுதி, பிரேதப் பரிசோதனை செய்து, அறிக்கை அனுப்புவது. இதில் குற்றவாளி என்று ஒருவரும் இல்லை. விசாரணை மட்டும்தான்.

இப்போது நம்ம வயலுக்கு வருவோம்.

கடையம், சிவசைலம், ஆழ்வார்குறிச்சி மலையடிவாரத்தில் பன்றி இறங்குகிற கதை நமக்குப் புதிதல்ல. கடலையோ, மரவள்ளியோ, கதிர் பிடித்த நெல்லோ, ஒரு கூட்டம் ஒரு ராத்திரி இறங்கினால் போதும். "ஆறு மாசப் பாடு, அம்புட்டும் ஒரே ராத்திரில போயிட்டு அண்ணாச்சி. இனி நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க" என்று நம் உறுப்பினர் ஒருவர் சங்கத் திண்ணையில் உட்கார்ந்து அழுதார். அந்த வயிற்றெரிச்சலில்தான் சிலர் மோட்டார் ரூமிலிருந்து நேராக ஒயரை இழுத்து வேலிக் கம்பியில் மாட்டுகிறார்கள்.

அது தப்பு. நாங்கள் ஒளித்துப் பேச விரும்பவில்லை. அந்தக் கம்பிக்குப் பன்றி எது, விடியுமுன் தண்ணி பாய்ச்சப் போகிற பக்கத்து வயல்காரர் எது என்று தெரியாது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கத்தில் இப்படிப்பட்ட வேலியில் 3 யானைகள் செத்தன, விவசாயி கைதானார். அதே வருஷம் செப்டம்பரில் கேரளாவில் பாலக்காடு பக்கம் பன்றிக்கு வைத்த கம்பியில் 2 இளைஞர்கள் மாண்டார்கள். பயந்துபோன நில உரிமையாளர் உடல்களை வயலிலேயே புதைத்துவிட்டார். ஒரு பன்றிக்காக இரண்டு வீட்டில் இழவு, ஒரு வீட்டில் ஜெயில். யாருக்கு என்ன மிச்சம்?

இப்படி ஆள் செத்தால் விவசாயி மேல் பாய்வது 105-தான். "230 வோல்ட் ஆளைக் கொல்லும் என்று உனக்குத் தெரியும்தானே?" என்று கேட்கிறார்கள். தெரியும்தான். மறுக்க முடியாது. சட்டம் அப்படித்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

ஆனால் அதே கேள்வியை மறுபக்கமும் கேட்க வேண்டாமா?

நம் உறுப்பினர் ஒருவர் வயலில் மின்கம்பி தொய்ந்து, களை எடுக்கிற பெண்கள் தலைக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கியது. எழுதிக் கொடுத்தோம். "ஆள் இல்லை, சாமான் வரவில்லை" என்றார்கள். மறுபடி எழுதினோம். "எஸ்டிமேட் போட்டிருக்கு" என்றார்கள். மூன்றாம் தடவை போனபோது முதல் மனுவையே காணவில்லை. கடைசியில் நாமே காய்ந்த மூங்கில் கழையை முட்டுக் கொடுத்து நிறுத்தினோம். ஒரு மழை நாளில் கழை சரிந்தது. மாடு செத்தது. கயிற்றைப் பிடித்திருந்த பையன் இரண்டடி பின்னால் நின்றதால் பிழைத்தான். அந்த இரண்டடி இல்லாவிட்டால் என்ன வழக்கு எழுதியிருப்பார்கள்? நாம் பார்த்த வரையில், கம்பி அறுந்து விழுந்து விவசாயி செத்தால் பெரும்பாலும் 174 என்று எழுதி மூடிவிடுவார்கள். இப்போது 194. யாரும் குற்றவாளி இல்லை. விதி!

விவசாயிக்குத் தெரிந்தால் அது குற்றம். மனுவில் எழுதிக் கொடுத்து, சீல் குத்தி வாங்கி வைத்த பிறகும் ஆபீசுக்குத் தெரிந்தால் அது விதியா? மனு வாங்கிய தேதியிலிருந்து அவர்களுக்கும் "தெரியும்" அல்லவா?

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். கம்பம் ஏறுகிற லைன்மேனை ஜெயிலில் போடச் சொல்லவில்லை. அவரும் நம்ம வீட்டுப் பிள்ளை. அவரும் அதே கம்பியில் சாகிறார். நாலு ஊருக்கு ஒரு ஆளாக ஓடுகிறவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டு மேலே உள்ளவர்கள் கை கழுவக் கூடாது. ஆள் போடாதவர், சாமான் வாங்கப் பணம் ஒதுக்காதவர், மனுவைக் கிடப்பில் போட்டவர், இவர்களைப் பிடிக்கச் சட்டத்தில் வழி வேண்டும் என்கிறோம்.

நஷ்டஈட்டு விஷயத்தில் சுப்ரீம் கோர்ட் இதைப் பேசிவிட்டது. ராத்திரி சைக்கிளில் வீடு திரும்பிய தொழிலாளி ஒருவர், மழைத் தண்ணீருக்குள் அறுந்து கிடந்த கம்பியில் பட்டுச் செத்தார். எவனோ திருட்டுக் கரண்டு எடுத்த கம்பி என்று மத்தியப்பிரதேச மின்வாரியம் வாதாடியது. அபாயமான பொருளைக் கையாளுகிறவர்களே பொறுப்பு, அசட்டை இருந்ததா இல்லையா என்ற பேச்சுக்கே இடமில்லை என்று 2002 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. ஆனால் அது பணத்துக்கான பொறுப்பு. உயிருக்கான பொறுப்பு இன்னும் வரவில்லை.

பெரிய இடத்துக்குச் சட்டம் எப்படி வளையும் என்பதற்கு போபாலைவிட வேறு சாட்சி வேண்டாம். 1984 டிசம்பரில் யூனியன் கார்பைடு விஷவாயுவில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அந்த ஆலை செய்தது என்ன தெரியுமா? நம் வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்து! கம்பெனி அதிகாரிகள் மேல் முதலில் இருந்தது 304. 1996-ல் சுப்ரீம் கோர்ட் அதை 304-ஏ ஆகக் குறைத்தது. 2010 ஜூன் 7-ல் தீர்ப்பு வந்தது: 2 ஆண்டு சிறை. அன்றைக்கே ஜாமீன். ஒரு ஊரே செத்ததற்கு அஜாக்கிரதை. வயலில் ஒரு கம்பிக்கு 10 ஆண்டு!

வேறு நாடுகளில் என்ன செய்தார்கள்? இங்கிலாந்தில் 2007-ல் நிறுவனங்களுக்கென்றே மரணக் குற்றச் சட்டம் கொண்டுவந்தார்கள்; 2008 ஏப்ரலில் அமலானது. நிர்வாகம் நடத்தப்பட்ட விதத்தில் பெரிய தவறு இருந்து அதனால் ஆள் செத்தால், அந்த நிறுவனமே கூண்டில் நிற்க வேண்டும். பல அரசுத் துறைகளும் அதற்குள் வருகின்றன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் வேலை செய்யும் இடத்து மரணங்களுக்கு 2020 ஜூலையில் இதுபோல் சட்டம் கொண்டுவந்தது. அது ஒரு மாநிலம் செய்தது என்பதைக் கவனியுங்கள்.

நம் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லையா? இருக்கிறது. குற்றவியல் சட்டம் அரசியல் சாசனத்தின் பொதுப் பட்டியலில் உள்ளது. சட்டசபை திருத்தம் நிறைவேற்றி, மத்திய சட்டத்தோடு முரண்பட்டால் ஜனாதிபதி ஒப்புதல் வாங்கினால் இந்த மாநிலத்துக்கு அது செல்லும். செய்யவும் செய்திருக்கிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்தபோது, அந்த மாதம் 29-ம் தேதியே சட்டசபையில் மதுவிலக்குத் திருத்தம் நிறைவேறியது. சாராயத்தால் மரணம் நேர்ந்தால் விற்றவனுக்கு ஆயுள் தண்டனை, 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம். மனம் இருந்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் சட்டம் வருகிறது! 2025 ஜனவரியில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டி நியாய சன்ஹிதாவுக்கே தமிழ்நாட்டுத் திருத்தம் நிறைவேற்றினார்கள். இரண்டையும் வரவேற்கிறோம்.

2024 ஜூலையில் புதிய குற்றவியல் சட்டங்களில் மாநிலத் திருத்தங்கள் என்னென்ன வேண்டும் என்று பார்க்க, ஓய்வுபெற்ற நீதிபதி சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் குழுவும் அமைத்தார்கள். நல்லது. ஆனால் வயலில் சாகிற சாவைப் பற்றிக் கீழப்பாவூரில் யாரும் நம்மை வந்து கேட்கவில்லை. கேட்காவிட்டால் நாம் போய்ச் சொல்லுவோம்.

நம் கோரிக்கைகள்:

1. கம்பி, கம்பம், டிரான்ஸ்பார்மர் ஆபத்தாக இருக்கிறது என்று எழுத்தில் புகார் கொடுத்து, சட்டம் குறிக்கிற கெடுவுக்குள் சரிசெய்யாமல் ஆள் செத்தால், 194-ல் மூடாமல் வழக்குப் பதிய வேண்டும். மனு பெற்ற தேதியே "தெரியும்" என்பதற்குச் சாட்சி என்று மாநிலத் திருத்தம் வர வேண்டும்.

2. கடைநிலை ஊழியரோடு நிறுத்தாமல், நிறுவனமும் முடிவெடுக்கும் அதிகாரியும் பொறுப்பேற்கப் பிரிவு வேண்டும்.

3. மின்சாரச் சட்டத்தின் 161-ம் பிரிவுப்படி நடக்கும் விபத்து விசாரணையின் அறிக்கை நகலை, இறந்தவர் குடும்பத்துக்கு இலவசமாகத் தர வேண்டும்.

4. திருட்டுக் கம்பிக்கு மாற்றாக, சூரிய மின்வேலியை முழு மானியத்தில் சிறு விவசாயிக்குத் தர வேண்டும். அது ஒரு நொடிக்கு ஒருமுறை சுண்டிவிட்டு நிற்கிற கரண்டு, விரட்டும், கொல்லாது. 2023-ல் வந்த மின்வேலி விதிகளின்படி பதிவு செய்கிற வேலையை ஊரிலேயே முகாம் போட்டு முடித்துத் தர வேண்டும்.

5. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு வெளியே வருகிற பன்றியை வனத்துறை சுடலாம் என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். காகிதத்தில் உள்ளது வயலுக்கு வர வேண்டும். கேரளாவில் 2022-லேயே அந்த அதிகாரத்தைப் பஞ்சாயத்துகளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. வேலியில் நேரடிக் கரண்டு கொடுக்க மாட்டோம் என்று ஒவ்வொரு உறுப்பினரும் உறுதி எடுக்க வேண்டும். யாராவது கொடுத்தால் முதலில் நாமே போய்க் கழற்றுவோம். நம் கை சுத்தமாக இருந்தால்தான் அடுத்தவரைக் கேட்க முடியும்.

தொய்ந்த கம்பியைப் பார்த்தால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுங்கள். தேதி போட்ட ரசீது வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். செல்போனில் போட்டோ எடுத்து வையுங்கள். ஒரு நகல் சங்கத்துக்குக் கொடுங்கள். தனி நோட்டுப் போட்டு வைத்திருக்கிறோம். அசம்பாவிதம் நடந்து ஸ்டேஷனில் எப்.ஐ.ஆர். போட மறுத்தால் எஸ்.பி.க்கு எழுதலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். புதிய நடைமுறைச் சட்டத்தில் 173, 175 பிரிவுகள் அந்த வழியைத் தருகின்றன. எப்.ஐ.ஆர். நகல் காசில்லாமல் வாங்குவது புகார் கொடுத்தவரின் உரிமை.

"நாம நாலு பேரு கேட்டா சட்டம் மாறிருமாக்கும்?" என்று சலித்துக்கொள்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். விபத்து செய்துவிட்டு ஓடினால் 10 ஆண்டு என்று இதே 106-ல் ஒரு உட்பிரிவு போட்டார்கள். 2024 ஜனவரியில் வடநாட்டு லாரி டிரைவர்கள் இரண்டு நாள் வண்டியை நிறுத்தினார்கள். ஜூலை 1-ல் மற்றப் பிரிவுகள் எல்லாம் அமலுக்கு வந்தபோது, அந்த ஒரு உட்பிரிவு மட்டும் வரவில்லை! அந்தப் பிரிவு சரியா தப்பா என்பது வேறு பேச்சு. ஸ்டியரிங் பிடித்தவர்கள் ஒன்றுசேர்ந்தால் டெல்லி காது கொடுக்கிறது. மண்வெட்டி பிடித்தவர்கள் சேர்ந்தால் கொடுக்காதா?

தென்காசி கலெக்டர் ஆபீசில் வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், ஒவ்வொரு ஊரிலும் தொங்குகிற கம்பிகளின் பட்டியலோடும் இந்த ஐந்து கோரிக்கையோடும் திரளாகப் போவோம். உங்கள் வயலில் தொங்குகிற கம்பியின் கம்ப எண்ணை இன்றைக்கே குறித்துக் கொண்டு வாருங்கள்.

விவசாயி உயிரும் உயிர்தான்!
கம்பிக்கு ஒரே சட்டம் வேண்டும்!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

இப்படிக்கு,
சங்கச் செயலாளர்,
கீழப்பாவூர்.