பெறுபேற்றில் பேறு எங்கே?

“பிள்ளைகளுக்கு இலக்கணம் எதற்கு? மொழி தானாக வரும்” என்றொரு கருத்து எம்மவர் மத்தியில் வலுப்பெற்று வருகின்றது. எழுத்தாளர்கள் சொல்கின்றனர்; பெற்றார் சொல்கின்றனர்; தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களில் சிலரும் சொல்லத் தொடங்கிவிட்டனர். இதற்கு நேரெதிராக, நன்னூற் சூத்திரங்களை மனனம் செய்விப்பதைக் கைவிட்டதால்தான் தமிழ் கெட்டது என்போரும் இருக்கின்றனர். இந்த இரு சாராரோடும் எனக்கு வழக்குண்டு. இலக்கணம் என்பது பெயர்களின் பட்டியல் என்று இருவருமே நம்புகின்றனர். ஒருவர் அதனைத் தூக்கி எறியச் சொல்கிறார், மற்றவர் விழுங்கச் சொல்கிறார். வேறுபாடு அவ்வளவுதான்.

பகுபத உறுப்புக்கள் எத்தனை என்று எமது மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறையும் மூச்சுவிடாமல் ஒப்புவிப்பார். ‘நடந்தனன்’ என்பதைப் பிரித்துக் காட்டி முழுப் புள்ளியும் பெறுவார். இன்று எவருமே பேசாத, எழுதாத ‘நடந்தனன்’ அது. ஆனால் நடை, நடத்தை, நடப்பு, நடத்துநர், நடைமுறை ஆகியன எல்லாம் ‘நட’ என்ற ஒரே தாயின் பிள்ளைகள் என்பதை அவரிடம் எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கால் நடப்பதிலிருந்து ஒழுக்கம் எப்படி ‘நடத்தை’ ஆயிற்று என்ற கேள்வி அந்த வகுப்பறைக்குள் எழுவதேயில்லை.

இது வெறும் இலக்கிய ரசனை பற்றிய கவலையன்று. எழுத்துப் பிழையிலிருந்தே தொடங்குவோம். ‘பயிர்ச்சி’, ‘முயர்ச்சி’ என்று எழுதும் பிள்ளைகள் எல்லாப் பாடசாலைகளிலும் உள்ளனர். நாம் சிவப்பு மையால் சுழித்துவிட்டு, சரியான சொல்லைப் பத்து முறை எழுதி வரச் சொல்கின்றோம். பதினோராவது முறை பிள்ளை மீண்டும் பிழையாகவே எழுதுகிறது. காரணம் எளியது. காதுக்கு ‘ர்’ என்றும் ‘ற்’ என்றும் தெளிவாகக் கேட்பதில்லை. கேட்காத ஒன்றைக் கையால் பத்து முறை எழுதி நினைவில் நிறுத்த முடியாது. ஆனால் வளர் என்பதிலிருந்து வளர்ச்சி, பயில் என்பதிலிருந்து பயிற்சி, முயல் என்பதிலிருந்து முயற்சி, ஆள் என்பதிலிருந்து ஆட்சி, மீள் என்பதிலிருந்து மீட்சி, மகிழ் என்பதிலிருந்து மகிழ்ச்சி என்று கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு, ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு நிற்கட்டும். ரகரமும் ழகரமும் அப்படியே நிற்கின்றன, லகரம் றகரமாகிறது, ளகரம் டகரமாகிறது என்பதைப் பிள்ளையே கண்டு சொல்லும். தானே கண்ட விதியைப் பிள்ளை மறப்பதில்லை. பிறகு விற்பனைக்கு ஏன் ‘ற்’ என்று கேட்டால், ‘வில்’ என்று அதுவே பதில் சொல்லும்.

அடுத்தது வினை. திருந்து - திருத்து, அடங்கு - அடக்கு, திரும்பு - திருப்பு, மாறு - மாற்று, ஓடு - ஓட்டு. தானாக நடப்பதும் பிறர் நடத்துவதும் இங்கே ஓர் எழுத்தில் பிரிகின்றன. மெல்லெழுத்து வல்லெழுத்தாகும் அல்லது வல்லெழுத்து இரட்டிக்கும். ‘மக்கள் அடங்கினர்’ என்பதற்கும் ‘மக்களை அடக்கினர்’ என்பதற்கும் உள்ள தூரத்தை இந்த நாட்டில் வாழும் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்தத் தூரத்தை ஓர் எழுத்து தாங்கி நிற்கிறது என்பதை உணராத பிள்ளை, நாளை பத்திரிகைச் செய்தி ஒன்றை வாசிக்கும்போது யார் செய்தார், யாருக்குச் செய்யப்பட்டது என்பதைத் தவறவிடும். தன்வினை, பிறவினை என்ற பெயர்களைப் பிறகு சொல்லிக் கொடுக்கலாம். பொருள் முதலில் வரட்டும்.

“நாங்கள் விஞ்ஞானத்தில்தான் கவனம் செலுத்துகிறோம், தமிழ் எப்படியோ சித்தியடைந்துவிடும்” என்று கூறும் பெற்றாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கரையம், கரைப்பான், கரைசல் என்ற மூன்றையும் எங்கள் பிள்ளைகள் மூன்று தனிச் சொற்களாக மனனம் செய்து, பரீட்சை மண்டபத்தில் மாற்றி எழுதிவிட்டு வருகின்றனர். கரைவது எது, கரைப்பது எது, கரைந்து கிடைப்பது எது என்று ‘கரை’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக் கேட்டிருந்தால் மனனமே தேவைப்பட்டிராது. அந்தக் கலைச்சொற்களை ஆக்கியோர் பொருளைச் சொல்லுக்குள்ளேயே வைத்துத் தந்தனர். சாவியைக் கொடுக்காமல் பூட்டை மட்டும் பிள்ளையின் கையில் கொடுத்தவர்கள் நாம். அங்கே தவறியது விஞ்ஞானமன்று, தமிழ்.

இனி எமது வீட்டு விடயத்துக்கு வருகிறேன். முஸ்லிம் பிள்ளை இரண்டு மொழிகளின் சொற்களோடு வளர்கிறது. காலையில் பாடசாலை, மாலையில் குர்ஆன் மத்ரஸா. இல்மு, ஆலிம், உலமா, முஅல்லிம், தஃலீம் என்ற சொற்கள் அதன் காதில் அன்றாடம் விழுகின்றன. இவை ஐந்தும் ‘அறிதல்’ என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை: அறிவு, அறிந்தவர், அறிந்தோர், அறிவிப்பவர், அறிவித்தல். ஸுஜூது செய்யுமிடம் மஸ்ஜித், தர்ஸு நடக்குமிடம் மத்ரஸா, எழுதுதலைக் குறிக்கும் வேரிலிருந்து கிதாபும் மக்தபும். மௌத்தும் மையித்தும் ஒரே வேர்தான். அந்த மையித்தோடு ‘வாடி’ சேர்ந்து எங்கள் ஊர்களின் மையவாடி ஆனது.

இந்த உறவைப் பிள்ளை ஏன் காண்பதில்லை? தமிழ் எழுத்தில் இல்மு இகரத்திலும், ஆலிம் ஆகாரத்திலும், உலமா உகரத்திலும் தொடங்குகின்றன. அரபியில் மூன்றுக்கும் முதலெழுத்து ‘ஐன்’. அந்த எழுத்து தமிழில் இல்லாததால் உறவு மறைந்துவிடுகின்றது. மறுபுறம், உறவில்லாதவை உறவுபோல் தோன்றுகின்றன. உள்ளத்தைக் குறிக்கும் கல்பும் நாயைக் குறிக்கும் கல்பும் தமிழில் ஒரே எழுத்துத்தான். கிதாபையும் குத்பா ஓதும் கத்தீபையும் ஒரு குடும்பமென்று நினைத்துக் கொள்பவர்கள் உண்டு. அவற்றின் முதலெழுத்துக்களும் இறுதிப் பொருளும் வேறு. எமது மூதாதையர் அரபுத் தமிழில் எழுதிய காலத்தில் இந்தச் சிக்கல் இருக்கவில்லை. தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துக்களில் புதிய குறிகளை இட்டுக்கொண்ட அவர்கள், அரபுச் சொற்களை அவற்றின் சொந்த எழுத்திலேயே எழுதினர். வேர் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த எழுத்து வழக்கொழிந்த பின்னர், கண்ணுக்குத் தெரியாததை வாயால் சொல்லிக் கொடுக்கும் கடமை ஆசிரியருடையதாகிறது. பாடசாலை ஆசிரியர் “அது மத்ரஸாவின் வேலை” என்கிறார். மத்ரஸாவிலோ ஓதலோடு பாடம் முடிந்துவிடுகின்றது.

அரபுக் கல்லூரிகளில் ‘ஸர்பு’ என்றொரு பாடமே இருக்கின்றது. ஒரு வேர் எத்தனை அச்சுகளில் வார்க்கப்பட்டு எத்தனை பொருள் தருகிறது என்பதே அதன் உள்ளடக்கம். உலகிலேயே மிக ஒழுங்காக வகுக்கப்பட்ட சொல்லியல் மரபுகளில் ஒன்று அது. அதனைக் கற்ற மௌலவிமார் எம்மில் எத்தனையோ பேர். கெடு - கேடு, சுடு - சூடு, படு - பாடு, பெறு - பேறு என்று தமிழும் சொல்லின் உள்ளே உயிரை நீட்டிப் பெயர் ஆக்குகிறதே என்று அவர்களில் எவராவது தமிழாசிரியரோடு உட்கார்ந்து பேசியதுண்டா? தமிழாசிரியராவது அவர்களிடம் சென்று கேட்டதுண்டா? ஒரே பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் நிற்கும் இருவர், சொல்லைப் பற்றி மட்டும் ஒருவரோடொருவர் பேசாதிருப்பது விந்தை.

இன்னொரு போக்கையும் இங்கே கண்டிக்க வேண்டியுள்ளது. மார்க்கப் பற்றின் பெயரால் தொழுகையை ‘ஸலாத்’ என்றும் நோன்பை ‘ஸவ்ம்’ என்றும் மட்டுமே சொல்ல வேண்டும் என்போர் இருக்கின்றனர். அரபுச் சொல்லை அறிவது நல்லது, அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் தமிழ்ச் சொல்லை வெளியேற்றினால் இழப்பது ஒரு சொல்லையன்று, ஒரு குடும்பத்தை. தொழு என்பதிலிருந்து தொழுகை, தொழுவி, தொழுகையாளி. நோன்பும் நோற்றலும் ஒரு குடும்பம். ‘ஸலாத்’ தமிழுக்குள் தனியாளாகவே நிற்கும், நடப்பதற்கு ‘செய்’ என்றோ ‘நிறைவேற்று’ என்றோ ஒரு கைத்தடி வேண்டும்.

மறுபுறத்தில், ‘மௌத்தானார்’ என்று பிள்ளை எழுதினால் அதனை வழு என்று வெட்டுகின்ற தூய்மைவாதிகளும் அதே அறியாமையில்தான் இருக்கின்றனர். அரபு மௌத்து தமிழ் ‘ஆ’வோடு சேர்ந்து மௌத்தானார், மௌத்தாகி, மௌத்தானவர் எனத் தமிழ் முறைப்படியே திரிகின்றது. அரபியில் பன்மையான உலமா, எம்மிடம் வந்து ‘உலமாக்கள்’ என்று தமிழ்ப் பன்மையும் ஏற்றது. தமிழ் விகுதியை ஏற்ற சொல் தமிழ்க் குடும்பத்துக்கு மணமுடித்து வந்த சொல். அதனை வெட்டாமல், எப்படித் திரிகிறது என்று பிள்ளைக்குக் காட்டுங்கள். முஸ்லிம் நேசனை 1882இல் தொடங்கி, 1885இல் அசன்பே சரித்திரத்தை வெளியிட்ட சித்திலெப்பையின் மரபில் வந்தோர், வீட்டுச் சொல்லுக்காக வெட்கப்படத் தேவையில்லை.

“பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை” என்று ஆசிரியர் சொல்வார். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். ஒரு சொல்லைக் கரும்பலகையின் நடுவில் எழுதுங்கள். உறவுச் சொற்களைப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டு வரட்டும். உம்மும்மாவிடம் கேட்டு வரட்டும். எது உறவு, எது போலி உறவு என்று வகுப்பே விவாதிக்கட்டும். கற்பித்தலும் கற்பாறையும் ஒன்றா? ஒலி ஒன்று, பொருள் சேராது, ஆகவே இல்லை. கற்பனை? அது வடமொழியிலிருந்து வந்த விருந்தாளி. ‘கற்பிதம்’ என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதும் எம் விமர்சகர்களுக்கும் இந்த வகுப்பில் ஓர் இருக்கை ஒதுக்கலாம். பிள்ளைகள் குழம்பிவிடுவர் என்று அஞ்ச வேண்டியதில்லை. 1958இல் அமெரிக்காவில் ஜீன் பெர்க்கோ என்ற ஆய்வாளர் சின்னஞ்சிறு பிள்ளைகளிடம் இல்லாத சொற்களைச் சொல்லி அவற்றுக்குப் பன்மை கேட்டார். எங்குமே கேட்டிராத சொற்களுக்கும் பிள்ளைகள் சரியான விகுதி சேர்த்துச் சொன்னார்கள். விதி ஏற்கெனவே உள்ளத்தில் இருக்கின்றது. எமது வேலை அதனை அவர்களுக்கே காட்டிக் கொடுப்பது.

ஐந்தாந்தரத்துப் பிள்ளை புலமைப்பரிசில் பரீட்சைக்காக இரவு பகலாகப் பாடுபடுகின்றது. புலமை, புலவர், புலன், புலப்படு, புலனாய்வு ஆகியன ஒரே வேரின் கிளைகள் என்பதை அதற்கு யாரும் சொல்வதில்லை. பின்னர் பெறுபேறு வருகின்றது. பெறு என்ற வினையும், அதிலிருந்து பிறந்த பேறு என்ற பெயரும் தோளோடு தோள் நிற்கும் சொல் அது. பெற்றார், பெறுமதி, பிள்ளைப்பேறு எல்லாம் அதன் உறவுகள். புள்ளிகளை எண்ணிப் பார்க்கும் நாம் பெற்றது எது, பேறு எது என்று ஒருமுறையேனும் பிள்ளையோடு உட்கார்ந்து பேசியிருக்கிறோமா? தமிழாசிரியரும் மௌலவியும் எழுத்தாளரும் பெற்றாரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. நாளை இந்தப் பக்கங்களை வாசிக்க ஆள் இருப்பதும் இல்லாததும் அந்தப் பதிலில்தான் தங்கியுள்ளது.