பால்காரர் மகனும் கோல்ஃப் மட்டையும்



நம் வடக்கனந்தலைச் சுற்றி அறுவடை முடிந்த வயல்களில், அஸர் தொழுகைக்குப் பின் பிள்ளைகள் மட்டையும் பந்துமாக ஓடுவதைப் பார்க்கிறோம். "பொழுதை வீணாக்குகிறானே!" என்று கடிந்துகொள்ளாத அத்தாமார்கள் அரிது. அவர்களுக்காகவே இம்மாதம் ஓர் உண்மை வரலாற்றைச் சொல்கிறேன்.

ஹரியானா மாநிலம், பானிபட் மாவட்டத்தில் இஸ்ரானா என்றொரு சிற்றூர். அங்கே பால் வியாபாரம் செய்தவர் ஜக்பால் ஜக்லான். மல்யுத்தத்தில் ஊறிய குடும்பம் அவருடையது. ஆனால் அவருடைய மகன் சுபம் நாடியதோ கோல்ஃப்! சிறு பந்தை மட்டையால் அடித்து, தொலைவிலுள்ள குழிகளில் ஒவ்வொன்றாக விழச் செய்யும் ஆட்டம் அது. குறைந்த அடிகளில் முடிப்பவரே வென்றவர். பரந்த புல்வெளியும் விலையுயர்ந்த மட்டைகளும் வேண்டியிருப்பதால், செல்வந்தர் ஆட்டம் என்றே பெயர் பெற்றது.

வெளிநாட்டில் வாழ்ந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொடங்கிய பயிற்சிக்கூடத்தில்தான் சுபம் முதன்முதலாக மட்டை பிடித்தான். அக்கூடம் விரைவிலேயே மூடப்பட்டது. சிறுவன் சோர்ந்துவிடவில்லை. வயல்வெளியையே மைதானமாக்கினான், யூடியூபில் பெரிய வீரர்களின் ஆட்டத்தைப் பார்த்துப் பழகினான். அவன் திறமையைக் கண்டுகொண்ட பயிற்சியாளர் நோனிதா லால் குரேஷி கற்றுக்கொடுத்தார். கோல்ஃப் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு அமைப்பு கைகொடுத்தது. 2015 ஜூலையில், பத்தே வயதில், அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் தன் வயதுப் பிரிவில் சுபம் வாகை சூடினான். அதே மாதம் லாஸ் வேகாஸ் நகரிலும் ஒரு பட்டம்!

இவ்வெற்றியில் பிள்ளையின் உழைப்பு ஒரு பங்கு. "நம் குலத்தொழில் மல்யுத்தம்" என்று பிடிவாதம் பிடிக்காத தகப்பனாரின் பெருந்தன்மை மறு பங்கு. அறிமுகமில்லாத ஏழைப் பிள்ளைக்கு நேரமும் பொருளும் தந்தவர்களின் பங்கும் சிறிதன்று.

நம் சமுதாயத்திலும் சான்று உண்டு. டில்லியில் பிறருடைய மட்டைப் பையைச் சுமந்து பிழைத்த அலி ஷேர், 1991 இல் இந்திய ஓபன் பட்டத்தை வென்றார். தொழில்முறை ஆட்டக்காரர்களில் அதை வென்ற முதல் இந்தியர் அவரே. 1993 இல் மீண்டும் வென்றார்.

அம்பெய்து பழகிய அஸ்லம் குலத்தாரை நபிகள் நாயகம் (ஸல்) ஊக்கப்படுத்தி, இஸ்மாயீல் (அலை) அவர்களும் வில்லாளியே என்று நினைவூட்டியதை நாம் அறிவோம். தொழுகையும் படிப்பும் தவறாதவரை, நல்ல விளையாட்டு பிள்ளையைக் கெடுக்காது. ஆனால், எல்லாப் பிள்ளைகளும் உலகப் பட்டம் வெல்லப் பிறந்தவர்களல்லர். பெற்றோரின் பெருமைக்காகப் பிஞ்சுகளைப் பிழிந்துவிடவும் கூடாது.

பிள்ளைகள் இறைவன் தந்த அமானிதம். ஆணாயினும் பெண்ணாயினும், அவர்களுக்குள் அவன் வைத்த திறமையும் அமானிதமே. எனவே இன்று மாலை கடிந்துகொள்ளுமுன், அரைமணி நேரம் வயலோரம் நின்று பாருங்கள். உங்கள் பிள்ளையிடமோ அண்டை வீட்டு ஏழைப் பிள்ளையிடமோ ஒரு திறமை தென்பட்டால், ஜமாஅத்தில் வசதி படைத்தவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். யாரும் பார்க்காததாலேயே ஒரு பிள்ளையின் திறமை வீணானது என்ற பழி நம் ஊருக்கு வேண்டாம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு நல்லருள் புரிவானாக! ஆமீன்.