பெருமாளும் மலையும் ஒரே கல்

"குவாரி வெடியைக் குறை சொல்றீங்களே, அப்போ ரோடு வேணாமா, வீடு வேணாமா?" குடைவரைகளைப் பற்றிப் பேச வாயெடுத்தாலே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. வேண்டும். ஜல்லி இல்லாமல் என் வீட்டுக் கூரையும் நிற்காது. என் சண்டை வெடியோடு அல்ல. பெயரை மாற்றிவிட்டு ஆபத்து தீர்ந்தது என்று சொல்லும் சாமர்த்தியத்தோடு.

1847ல் சோப்ரேரோ கண்டுபிடித்த நைட்ரோகிளிசரின், தட்டினாலே வெடிக்கும் திரவம். 1864ல் ஸ்டாக்ஹோமில் அதைத் தயாரித்த கொட்டகை வெடித்து நோபலின் தம்பி எமில் செத்துப்போனார். கீசல்கர் என்ற நுண்மண்ணில் ஊறவைத்தால் அது அடங்கும் என்று கண்டு, 1867ல் நோபல் காப்புரிமை பெற்றதுதான் டைனமைட். அடங்கியது தூக்கிச் செல்பவனுக்குத்தான், பாறைக்கு அல்ல.

இந்தியாவில் நைட்ரோகிளிசரின் வெடிகளுக்கு 2004லேயே தடை வந்துவிட்டது. இன்று குழியில் இறங்குவது எமல்ஷன், ஸ்லரி தோட்டாக்கள். "அதான் டைனமைட்டே இல்லையே சார்" என்கிறார்கள். தொழிலாளிக்கு இது பெரிய நன்மை, மறுக்கவில்லை. ஆனால் கல்லுக்குள் விநாடிக்கு ஆயிரக்கணக்கான மீட்டர் ஓடும் அதிர்வலை, எந்தத் தோட்டா என்று கேட்டுக்கொண்டா ஓடுகிறது?

செஞ்சிக்குப் பக்கத்துச் சிங்கவரத்தில், பள்ளிகொண்ட ரங்கநாதர் மலைப்பாறையிலேயே குடையப்பட்டவர். பெயர்த்துக் கொண்டுபோய் மியூசியத்தில் வைக்க முடியாது. அருகே திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்கள் ஒரே பாறையில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தியின் கல்வெட்டும் அங்கேதான். இங்கெல்லாம் சிலை என்றால் மலை.

சட்டமோ 2010 திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குத் தடை, அடுத்த 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு என்று கோடு போட்டிருக்கிறது. பட்டியலில் ஏறாத குன்றுக்கு அந்தக் கோடும் கிடையாது. அதிர்வு கோட்டைப் பார்த்து நிற்பதில்லை. ஒரே நேரத்தில் எத்தனை கிலோ வெடிக்கிறது, பாறையில் விரிசல் எப்படி ஓடுகிறது என்பதைப் பொறுத்தது அது. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997லேயே ஓர் அளவு சொல்லியிருக்கிறது: வரலாற்றுச் சின்னமென்றால், 8 ஹெர்ட்ஸுக்குக் கீழான அதிர்வு விநாடிக்கு 2 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

அளவு இருக்கிறது, அளக்கக் கருவியும் இருக்கிறது. அப்புறம் என்ன தயக்கம்? குவாரிக்கு உரிமம் தருமுன் குடைவரையின் தரையில் கருவியை வையுங்கள். ஒவ்வொரு வெடிக்கும் வந்த எண்ணை ஊராட்சிப் பலகையில் எழுதுங்கள். வெடி வைத்தவரே அளந்து கோப்பில் போட்டுக்கொள்ளும் காகிதம் போதாது.

எண் வரம்புக்குள் இருந்தால் வாயை மூடிக்கொள்கிறேன். தாண்டினால் குவாரியை இடம் மாற்றுங்கள். ஜல்லி வேறு குன்றிலும் கிடைக்கும். சிங்கவரத்து ரங்கநாதர் வேறு பாறையில் கிடைக்க மாட்டார்.