கத்தோலிக்கக் கல்லூரிக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும்?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியடைந்தும் இசட் புள்ளி போதாமல் வீட்டில் நிற்கும் பிள்ளைகளை நாம் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். ஆண் பிள்ளை கடலுக்குப் போகிறான். பெண் பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

அரச பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் உயர்கல்வி வேண்டும் என்று அருட்தந்தை பீற்றர் பிள்ளை 1954இல் கொழும்பில் அக்குவைனாஸ் கல்லூரியைத் தொடங்கினார். பொரளையில் இன்றும் நடக்கிறது. ஆனால் கட்டணமும் கொழும்பில் தங்கும் செலவும் ஒரு கடற்தொழிலாளியின் கைக்கு எட்டுமா? அந்த இடைவெளியை ஊர்தான் நிரப்ப வேண்டும் என்பது என் கருத்து.

"சேர், அது வேதக்காரரின் கல்லூரி, நமக்கென்ன?" என்று சிலர் கேட்பார்கள். நமக்கு எதிரே கடலுக்கு அப்பால் இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் பௌதிகவியல் படித்தது திருச்சி புனித வளனார் கல்லூரியில். அது இயேசு சபையினர் 1844இல் தொடங்கியது. ஒரு முஸ்லிம் படகுக்காரரின் மகனுக்கு அந்த வாசல் திறந்திருந்தது. 1990 ஒக்டோபரில் மன்னாரை விட்டு வெளியேற்றப்பட்ட நமக்கு, அடுத்தவர் தயவில் படிப்பதென்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மார்க்க விடயத்தையும் தெளிவாகச் சொல்கிறேன். ஸக்காத்துக்கு எட்டுப் பிரிவினர் குர்ஆனில் (9:60) சொல்லப்பட்டுள்ளார்கள். அதை எப்படிக் கொடுப்பதென்று உங்கள் மௌலவியிடம் கேளுங்கள். ஸதகா அப்படியல்ல. அதை எந்த மதத்து ஏழைக்கும் கொடுக்கலாம். நான் கேட்பது ஸதகாவை.

எப்படிக் கொடுப்பது?

1. பத்துப் பேருக்கு ஆளுக்கு ஐயாயிரம் கொடுப்பதை விட, ஒரு பிள்ளையைக் கடைசி வருடம் வரை தாங்குங்கள். முதல் வருடம் கட்டிவிட்டு இரண்டாம் வருடம் கைவிட்டால் அந்தப் பிள்ளைக்கு நட்டம்தான்.

2. காசைக் கல்லூரிக் கணக்கிலேயே கட்டி, பிள்ளையின் பெயரில் பற்றுச்சீட்டு எடுங்கள். ஊருக்குள் சந்தேகம் வராது.

3. கட்டணம் மட்டும் போதாது. போர்டிங், பஸ், பரீட்சைக் கட்டணம் இவற்றில்தான் பல பிள்ளைகள் இடையில் நிற்கிறார்கள். முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான தங்குமிடம் வேண்டும்.

4. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒரு நிரந்தர நிதி வையுங்கள். முதலைத் தொடாமல் வருமானத்தை மட்டும் செலவு செய்வது நமக்குப் புதிதல்ல. கைபர் நிலத்தை உமர் (ரழி) அவர்கள் வக்பு செய்தது இப்படித்தான். நிதியை வட்டியில் போடாமல் கடை வாடகை போன்ற ஹலாலான வருமானத்தில் வைக்கலாம்.

5. தொழில் உள்ள மாதம் கூட, இல்லாத மாதம் குறைய. கடலை நம்பியிருப்பவர்களிடம் மாதாமாதம் ஒரே தொகை கேட்பது நியாயமில்லை.

இன்னொன்று. பிள்ளையை மேடையில் ஏற்றிக் காசோலையோடு படம் பிடித்து முகநூலில் போடாதீர்கள். வாங்குகிற பிள்ளைக்கும் மானம் உண்டு.

பங்குத்தந்தை, பள்ளிவாசல் நிர்வாகம், இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு சிறு குழு போதும். வருகிற பெறுபேற்றுக்கு முன்னர் ஒரு பிள்ளைக்காவது வழி செய்வோம். யார் யார் வருகிறீர்கள்? கீழே பெயரைப் போடுங்கள், தொகை வேண்டாம்.