நட்சத்திரமும் சான்றிதழும்



சென்ற டிசம்பரில் வாசகர் வட்டக் கூட்டத்துக்காக என் வீட்டுக்கு வந்த கல்லூரித் தோழர் ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மேலே மூங்கில் பிளாச்சில் கலர்த்தாள் ஒட்டிய நட்சத்திரம், உள்ளே ஒரு பல்பு. "என்ன தோழர், கடவுள் இல்லேன்னு எழுதுற ஆளு வீட்ல ஸ்டாரா?" என்றார். அன்றைய கூட்டத்தில் பேச வேண்டிய விசயத்தை விட்டுவிட்டு ராத்திரி பதினோரு மணிவரை இதையே பேசினோம். நான்தான் அதிகம் பேசினேன். ஜெயித்தது போலவும் இருந்தது. அதற்குப் பத்து நாள் கழித்து நடந்ததை அந்தத் தோழரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

முதலில் கேள்வி. நம்பிக்கையற்றவர்கள் கிறிஸ்மஸ் கொண்டாடலாமா? மேற்கத்திய நாடுகளில் இந்தக் கேள்வியைக் கேட்பவன் பெரும்பான்மை மதத்தில் பிறந்து அதிலிருந்து வெளியேறியவன். விட்டுவந்த வீட்டில் நல்ல நாளில் மட்டும் போய்ச் சாப்பிடலாமா என்பது அவன் சங்கடம். நமக்கு அப்படி இல்லை. தமிழ்நாட்டில் கிறித்தவர்களில் பெரும்பகுதி நம் ஆட்கள். என் பெரியம்மா கிறித்தவர், அம்மா காகிதத்தில் இந்து. ஒரே தெரு, ஒரே குழாய். சின்ன வயசில் எனக்குப் புதுச்சட்டை வந்த நாள் தீபாவளி இல்லை, பெரியம்மா வீட்டுக் கிறிஸ்மஸ்.

நான் வேலை பார்க்கும் வங்கியில் ஆயுத பூசைக்கு நோட்டு எண்ணும் மிஷினுக்கும் சந்தனப்பொட்டு வைப்பார்கள். தலைக்கு இவ்வளவு என்று வசூல், பொரி, சுண்டல். 'நாத்திகர் இதைக் கொண்டாடலாமா' என்று இத்தனை வருசத்தில் ஒருவரும் கேட்டதில்லை. அது மதமே இல்லையாம், ஆபீஸ் வழக்கமாம். பெரியம்மா கொடுத்தனுப்பிய கேக்கை ஒரு தடவை கவுண்டரில் பகிர்ந்தபோது மட்டும், "என்ன சார், மாறிட்டீங்களா?" என்று கேட்டார்கள். பெரும்பான்மையின் மதம் பண்பாடு ஆகிவிடுகிறது. சிறுபான்மையின் பண்டம்கூட மதமாற்றம் ஆகிவிடுகிறது.

வரலாற்றைப் பார்த்தால் இந்தப் பண்டிகை பக்தியின் தனிச்சொத்தாக எப்போதும் இருந்ததில்லை. இயேசு பிறந்த தேதி சுவிசேசங்களில் இல்லை. டிசம்பர் 25ஐ ரோமில் கொண்டாடியதற்குக் கிடைக்கும் பழைய பதிவு கி.பி. 336ஐச் சேர்ந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் தீவிர விசுவாசிகளான பியூரிட்டன்கள் 1659இல் கிறிஸ்மஸ் கொண்டாடினால் ஐந்து சில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டார்கள். 1681வரை அது இருந்தது. விசுவாசத்தின் பேரிலேயே தடை செய்யப்பட்ட பண்டிகை இது.

ஆகவே யார் நம்புகிறார் என்பதைவிட, அந்த நாள் யார் கையில் என்ன ஆகிறது என்று கேட்பதே நமக்குப் பயன்படும். அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரெடெரிக் டக்ளஸ் 1845இல் தன் வரலாற்றை எழுதினார். கிறிஸ்மஸ் முதல் புத்தாண்டுவரை அடிமைகளுக்கு விடுமுறை. எசமானர்களே சாராயம் ஊற்றிக் கொடுப்பார்கள். கலக உணர்வை அடக்கிவைக்க இதைவிட நல்ல கருவி அவர்களிடம் இல்லை என்கிறார் டக்ளஸ். நம்ம ஊர்ப் பண்ணையார் பொங்கலுக்கு வேட்டியும் கள்ளும் கொடுத்த கதைதான்.

அதே விடுமுறைக்கு இன்னொரு கதையும் உண்டு. 1831, ஜமைக்கா. சாமுவேல் ஷார்ப் என்ற அடிமை, பாப்டிஸ்ட் சபையின் உபதேசி. ஜெபக்கூட்டங்களில் சேதி பரப்பினார்: கிறிஸ்மஸ் முடிந்ததும் கூலி கொடுக்காமல் எவனும் கரும்புக் காட்டில் இறங்கக்கூடாது. வேலைநிறுத்தம் கலகமாக வெடித்தது. அறுபதாயிரம் பேர்வரை இறங்கினார்கள் என்று சொல்கிறார்கள். முந்நூறு பேருக்கு மேல் தூக்கிலிடப்பட்டார்கள். ஷார்ப்பை 1832 மே மாதம் தூக்கிலிட்டார்கள். அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமைமுறை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்ற வேண்டியதாயிற்று. ஒரே பண்டிகைதான், ஒருத்தன் கையில் சாராயம், இன்னொருத்தன் கையில் வேலைநிறுத்தம்.

நம் டிசம்பர் 25க்கு வருவோம். 1927இல் அன்றுதான் மகாடில் பாபாசாகேப் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. 1968இல் அன்றைய இரவுதான் கீழ்வெண்மணியில் நம் சனங்களை எரித்தார்கள். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்கும் செங்கொடி பிடித்ததற்கும், ராமையாவின் குடிசைக்குள் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக நாற்பத்து நான்கு உயிர். நாகப்பட்டினம் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் நேரில் நடந்து வந்து தீ வைத்திருப்பார்களா என்று அது சந்தேகப்பட்டது. முந்தின நாள், டிசம்பர் 24, பெரியார் 1973இல் மறைந்த நாள். இத்தனையும் இரண்டே தேதிகளில். நம்பினாலும் நம்பாவிட்டாலும் டிசம்பர் 25 வெறும் நாளாக நமக்கு வராது.

"அப்போ விநாயகர் சதுர்த்தியும் கொண்டாடலாமே?" என்று தோழர் மடக்கினார். நியாயமான கேள்வி. என் அளவுகோல் சாதாரணமானது. அந்தப் பண்டிகை யாருடைய வெற்றியைப் பாடுகிறது? யாரைக் கொன்றதற்கு விளக்கேற்றுகிறது? நம் பையன்களை யாருக்கு எதிராக ஊர்வலம் இழுத்துப் போகிறது? தீபாவளியைப் பெரியார் மறுத்ததும் பொங்கலை ஏற்றதும் இப்படிக் கேட்டுத்தான். சத்திரத்தில் இடமில்லை என்று துரத்தப்பட்டவள் மாட்டுக் கொட்டிலில் பிள்ளை பெற்ற கதையை நம்ப எனக்குத் தெய்வம் தேவையில்லை. ஊருக்குள் டம்ளர் மறுக்கப்பட்டவனுக்கு அது செய்தி.

இந்த அளவுகோலைக் கோயிலுக்கு உள்ளேயும் வைக்க வேண்டும். வடக்கன்குளத்தில் சாதிவாரியாகப் பிரித்த கோயிலும், திருச்சி மேலப்புதூர் கல்லறையைப் பிரித்த சுவரும் சிலுவையின் கீழேதான் நின்றன. 2008இல் எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டபோது அவர்கள் வீடுகளை அடித்தவர்களும் ஞானஸ்நானம் வாங்கியவர்களே. அங்கே குடில் சோடித்தால் நான் எட்டிப் பார்க்க மாட்டேன். பந்தி ஒன்றாக இருக்கும் இடத்தில் சாப்பிடுவேன். முழங்கால் போட மாட்டேன். பெரியம்மா அதைக் கேட்டதும் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் அன்று ராத்திரி பேசியதுதான். பத்து நாள் கழித்துத் தங்கச்சி வந்தாள். அவள் மகளுக்குச் சாதிச் சான்றிதழ் மனு போட்டிருந்தது, முகவரி என் வீட்டு முகவரி. "அண்ணே, வி.ஏ.ஓ. விசாரணைக்கு வர்றாராம். அந்த ஸ்டாரை..." என்று இழுத்தாள். வாக்கியத்தை முடிக்கவில்லை. பக்கத்தில் மருமகள் எதுவும் பேசாமல் நின்றாள்.

அவள் பயம் சும்மா வந்ததில்லை. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துவுக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவத் தலித்துக்கும் முஸ்லிம் தலித்துக்கும் கதவு இன்னும் திறக்கவில்லை. 2022இல் ஒரு கமிஷன் போட்டார்கள். மருத்துவமனைச் சுவரில் சிலுவை தொங்கியது என்று ஒரு பெண் மருத்துவரின் சான்றிதழை அதிகாரிகள் ரத்து செய்தார்கள். 2021இல் சென்னை உயர்நீதிமன்றம்தான் அதைச் செல்லாது என்றது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறித்தவத்தைக் கடைப்பிடித்துக்கொண்டு இட ஒதுக்கீட்டுக்காக இந்து என்று சொல்வது அரசியல் சாசனத்தின் மீது செய்யும் மோசடி என்றது உச்சநீதிமன்றம்.

நாத்திகனான என்னைச் சட்டம் இந்து என்றே எழுதிக்கொள்கிறது. கடவுளே இல்லை என்று நான் மேடையில் கத்தலாம், சான்றிதழுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு காகித நட்சத்திரம் ஆக்கிவிடலாம். அப்படியானால் இவர்கள் பாதுகாப்பது எந்தக் கடவுளை? நம்மைத் தன் கணக்கில் வைத்திருக்கும் ஒரு பதிவேட்டை.

நான் நட்சத்திரத்தைக் கழற்றினேன், தோழர்களே. ஸ்டூல் போட்டு ஏறி, பல்பைத் தனியாக எடுத்து, பரணில் போட்டேன். என் கொள்கைக்கு மருமகளின் படிப்பைப் பணயம் வைக்க எனக்கு உரிமை இல்லை. அதில் எனக்கு வெட்கம் இல்லை. வெட்கம் வேறு இடத்தில் இருக்கிறது. நம்பாத நான் ஆசைக்குக் கட்டிய ஒன்றைக் கழற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். நம்புகிற பெரியம்மாவின் பேரன் எழுபது வருசத்துக்கும் மேலாக நிற்கும் அந்தப் பத்தியால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நின்று போட்டி போடுகிறான். அவன் வாங்கும் அவமானம் அதே தெருவின் பறத்தெரு அவமானம்தான். அவன் எதைக் கழற்றுவது?

எனவே கொண்டாடலாமா என்று கேட்கும் இளம் தோழர்களுக்கு என் பதில் இது. கொண்டாடுங்கள், சேரியில், நம் சனத்தோடு. ஜவுளிக்கடை சொல்லும் கிறிஸ்மஸ் வேண்டாம். காலையில் கறிச்சோறு, மாலையில் மகாடைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், இரவில் வெண்மணிக்கு ஒரு மெழுகுவர்த்தி. மூன்றாம் பத்தியை நீக்கு என்ற கோரிக்கையை கிறித்தவர்கள் மட்டுமே கேட்டுக்கொண்டிருக்க விடாதீர்கள். நம்பாத நாம் கேட்டால்தான் அது மதத்தின் கோரிக்கையாக இல்லாமல் சாதிக்கு எதிரான கோரிக்கையாக நிற்கும்.

சான்றிதழ் வந்துவிட்டது. மருமகள் கல்லூரி போகிறாள். போன வாரம் பரணைப் பார்த்து, "மாமா, அது தாள் கிழிஞ்சிருக்கும், புதுசா ஒட்டணும்" என்றாள். எந்த வீட்டு வாசலில் கட்டுவது என்று இன்னும் முடிவாகவில்லை. பெரியம்மா வீட்டில் கட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள். என் வீட்டில் கட்டத்தான் அவளுக்கு ஆசை.

தோழமையுடன்,
ஆசிரியர்